என் வித்தைக்கு அவன் பெயரா

எனக்கு வார்த்தைகள் என்றால் சின்ன வயதிலிருந்தே பிரியம், பாதிரியார் ஐயா. மற்றவர்களுக்குக் குடி, சீட்டு, எனக்கு இது.

ஸ்மித்ஃபீல்டு குதிரைச் சந்தையில் ஒவ்வொரு தில்லுமுல்லுக்கும் ஒரு பெயர் உண்டு. பித்தளை மோதிரத்தைத் தெருவில் போட்டு, கண்டெடுத்ததுபோல் நடித்து, தங்கம் என்று எவனாவது இளித்தவாயன் தலையில் கட்டினால் அது ‘ஃபானி’. அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த சொல். அவர்கள் பாஷையில் வெறும் மோதிரம்தான்; லண்டனுக்கு வந்து கெட்டுப்போயிற்று. கிழட்டுக் குதிரையின் பல்லை அராவி, சூடு வைத்து, இளசு என்று விற்றால் ‘பிஷப்’. முகத்தைச் சுளிக்காதீர்கள், உங்கள் பிஷப் இல்லை. அந்தப் பெயரில் யாரோ ஒருவன் இருந்தானாம், அவன் வித்தையாம். ஆள் மண்ணாகிப் போனான், பெயர் மட்டும் எல்லார் வாயிலும் புரள்கிறது. அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இந்த ஜேபஸ் டாப்கின் செத்தால் என்ன மிஞ்சும்? ஒரு சவுக்கும் நாலு லாடமும்.

ஆகவே புதிதாக ஒன்றைச் செய்தேன். சர் ஹம்ஃப்ரி வென்லாக்கின் பழுப்புக் குதிரையை அவர் லாயத்திலிருந்தே ஓட்டிவந்து, விளக்குக் கரியைக் குழைத்துப் பூசிக் கறுப்பாக்கினேன். குதிரையைத் தொலைத்தவர் குதிரை வாங்கச் சந்தைக்குத்தானே வரவேண்டும். வந்தார். அவருடைய குதிரையை அவருக்கே விற்றேன். “பழையதைவிட இது கெட்டிக்காரக் குதிரை, வந்த அன்றே தன் இடத்தைக் கண்டுகொண்டது” என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாராம்.

விற்றேன் என்றால், கயிற்றைப் பிடித்து நின்றது என் தங்கை புருஷன் சைலஸ் க்ரம்ப். அவனுக்கு ஒன்றும் தெரியாது. யார்க்ஷயரில் செத்துப்போன என் பெரியப்பாவின் குதிரை என்று சொல்லிவைத்திருந்தேன். கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி விற்றான். நல்ல பையன்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. குதிரை பழுப்பாயிற்று, சர் ஹம்ஃப்ரியின் வெள்ளைக் கால்சட்டை கறுப்பாயிற்று. சைலஸைப் பிடித்தார்கள். குதிரைத் திருட்டுக்குத் தூக்குதான், தீர்ப்பும் ஆகிவிட்டது.

தங்கை என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அண்ணே, நீதாண்ணே ஏதாச்சும் பண்ணணும்.” எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. விலாங்குமீன் குழம்பைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆனால் அவளுக்கு என்ன வயதாகிவிட்டது, இன்னொரு கல்யாணம் செய்துவைக்கலாம். பெண்டாட்டி இல்லாத கசாப்புக்காரர் ஒருவரிடம் பேசிக்கூட வைத்தேன்.

அப்புறம்தான் சாராயக்கடையில் அதைக் கேட்டேன். மீன்காரி ஒருத்தி ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். “ஏன்டா, எங்கூடையில களவாண்ட மீன எனக்கே விக்கிறியே, எங்கிட்டயே க்ரம்ப் அடிக்கிறியா?”

க்ரம்ப். கடையில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை, எல்லாருக்கும் புரிந்திருந்தது. மூளையைக் கசக்கியவன் நான், கரியில் கையை வைத்தவன் நான், மூக்கை உறிஞ்சியவனுக்குப் பெயரா? எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா. நேரே நீதிபதியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவனை விட்டுவிட்டு என்னை உள்ளே வைத்தார்கள்.

என்னைத் தியாகி என்கிறார்கள். நீங்களும் பிரசங்கத்தில் அப்படித்தான் சொன்னீர்களாம். தயவுசெய்து திருத்திவிடுங்கள். மாப்பிள்ளையின் கழுத்துக்காக நான் வரவில்லை. என் பெயரில் அவன் கை வைக்காமல் இருந்திருந்தால், அவன் தொங்குவதைத் தொப்பியைக் கழற்றி மரியாதையோடு பார்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

நேற்று சைலஸ் பார்க்க வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான்.

“மச்சான், சந்த பூரா இப்ப உம் பேருதான்.”

“குதிரைக்குச் சாயம் அடிச்சு விக்கிறதுக்கா, மாப்ள?”

“இல்ல மச்சான். அத இன்னமும் க்ரம்ப்னுதான் சொல்றானுங்க, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். சும்மா கெடந்த கயித்துல தானா போய்க் கழுத்த மாட்டிக்கிறான் பாரு ஒரு கேனப்பய, அவனத்தான் டாப்கின்ங்கிறானுங்க.”

பொறாமையில் பேசுகிறான், ஐயா. பாவம்.