கீழ்ப் பிரிவின் நாற்பத்தொரு எண்கள்

எட்டாயிரத்துச் சொச்சம் எண்கள் ஏறின. நாற்பத்தொன்று மட்டும் ஏற மறுத்தன. மூன்று நாளாக எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

விளக்கமாகவே சொல்கிறேன். மண்சரிவு எச்சரிக்கையைப் பதுளையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறோம். அதற்கான தரவுத்தளத்தைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றுவது என் வேலை. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு தொலைபேசி எண்ணும் ஒரு தோட்டப் பிரிவின் கீழ்தான் பதிவாகும். அந்தப் பிரிவு உண்மையில் இருக்கிறதா என்று பழைய தளம் பார்க்காது. புதியது பார்க்கும், இல்லையென்றால் எண்ணை ஏற்காது. அழகான ஏற்பாடு.

அந்த நாற்பத்தொன்றும் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்ப் பிரிவைச் சேர்ந்தவை. தேயிலை பட்டுப்போனதால் நிர்வாகம் அந்தப் பிரிவை மூடி, பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. பிரிவில்லாத எண்களை எங்கள் தொழிலில் அநாதைகள் என்போம். நீக்கினேன். 'பிழை பூச்சியம்' என்று எழுதி ஒப்பமிட்டேன்.

ஒக்டோபரில் அந்தக் கீழ்ப் பிரிவு லயத்திலிருந்து, கொழுந்து பறிக்கும் செபஸ்தியம்மா எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, மலைக்கு அந்தப் பக்கம் மேல் பிரிவுக்கெல்லாம் நேத்து மெசேஜ் வந்துச்சாமுங்க. எங்களுக்கு மட்டும் வரல."

"உங்கட பிரிவை மூடியாச்சு, அம்மா."

"பிரிவத்தாங்க மூடுனாங்க. நாங்க லயத்துலதானே கெடக்கோம். கம்பியூட்டர்ல இல்லாட்டி மழ எங்க மேல பேயாதுங்களா?"

சிரித்துவிட்டேன். பார்க்கிறேன் என்றேன், பார்க்கவும் செய்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் அறிக்கை கொழும்புக்குப் போய், எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது. திருத்தினால் பூச்சியம் நாற்பத்தொன்றாகிவிடும். விட்டுவிட்டேன். அதன்பின் தூறல் விழும்போதெல்லாம் எழுந்து சன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன்.

நவம்பரில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு எச்சரிக்கை போனது. நானே அனுப்பினேன். மேல் பிரிவினர் பாடசாலைக்கு ஏறிவிட்டார்கள். நாலரைக்குக் கீழ்ப் பிரிவு லயத்தின்மேல் மண் இறங்கியது. பதினேழு பேர். செபஸ்தியம்மாவும்.

தீர்வு எளிது. முதலில் 'கீழ்ப் பிரிவு' என்ற பெயரைப் பட்டியலில் நாமே சேர்க்க வேண்டும். பிறகு எண்களை ஏற்றினால் அவை அதன்கீழ் வந்து அமரும். நேற்று, பழைய தளத்தின் காப்புப் பிரதியிலிருந்து எடுத்து ஏற்றினேன். ஐந்து நிமிடம் ஆனது. நாற்பத்தொன்றும் ஏறிவிட்டன. பிழை பூச்சியம்.