புளி உடைக்க வந்தவள்

நான் ஒரு தும்மல் போட்டால் கல்வராயன் மலையில் பத்து ஊருக்குப் புத்தி தெளியும். எழுதிக்கொள்ளுங்கள் அய்யா. என் பணி ஓய்வு விழாவில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மனநலத் திட்டத்தின் களப்பணியாளர் ராஜாங்கம் வருகிறார் என்றால் மலையில் நாய்கூடக் குரைக்காது. வீரமணி வூட்டுக்கு மட்டும் பதினோரு வருஷம் போனேன். வாசலில் நின்றபடியே, மாத்திரை போட்டாச்சா என்பேன். அவன் மனைவி கண்ணகி காலி அட்டையைக் காட்டுவாள். ஒரு வேளை விட்டாலும் ஆள் கைக்குக் கிடைக்கமாட்டான் என்று மிரட்டி, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பேன். வீரமணி குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அவன் பேசினதில்லை.

என் இடத்துக்கு ருக்ஷானா வந்தாள். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்காரர் மகள், நான் பழக்கிவிட்ட பொண்ணு. அவள் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து புளி உடைத்தாள். வாராவாரம், ஒரு கேள்வி கேட்காமல். நாலாம் மாதம் அவன், "இந்த வருஷம் புளி ஜாஸ்திக்கா" என்றானாம்.

அக்காவாம்.

மறுநாளே மலை ஏறினேன். கண்ணகி கையில் ஒரு பன் பாக்கெட்டைக் கொடுத்துச் சொன்னேன்: "நல்லாத்தான் பேசிக்கினு இருக்கானேம்மா. இனி மாத்திரை இன்னாத்துக்கு? நிறுத்திடு. அந்தப் பொண்ணு கிட்ட மட்டும் சொல்லாத."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். ஒரு வேளைகூட விடாதே என்று பதினோரு வருஷம் மிரட்டினவனே சொல்கிறேன் அல்லவா. மாத்திரையைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, ருக்ஷானாவுக்குக் காலி அட்டையைக் காட்டிவந்தாள்.

ஏழாவது வாரம் வீரமணி காட்டுக்குள் ஓடினான். மூன்றாம் நாள் ஓடைப் பள்ளத்தில் கிடைத்தான். உயிர் இல்லை. அவன் சாகவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை அய்யா. பழையபடி பேசாமல் இருந்தால் போதும் என்றுதான்.

விசாரணையில் கண்ணகி என் பேரைச் சொன்னாள். ஊரே நம்பியது. ருக்ஷானா ஒருத்திதான், சார் அப்படிச் செய்யமாட்டார், கவனிக்காமல் விட்டது நான்தான் என்று அடித்துச் சொன்னாள். நீங்களும் அறிக்கையில் அவள் பேரை எழுதிவிட்டீர்கள். அவன் பேசினதும் அவளால், செத்ததும் அவளாலா? அப்போது பதினோரு வருஷம் போனவன் யார்? அதைக் கேட்கத்தான் நானே வந்தேன்.

இத்தனையையும் ருக்ஷானா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளே, இப்போது அழுதுகொண்டே என்ன சொன்னாள், பார்த்தீர்களா?

"ஆமாங்க அய்யா. இவருதான் செஞ்சிருக்காரு."

கடைசியில் அவளுக்கும் என் அருமை தெரிந்துவிட்டது.