விறகு இல்லாத வாரம்

ஊசிகளை எரிக்க நல்ல விறகு வேண்டும், ஐயா. எங்கள் சுகாதார நிலையத்துச் செங்கல் உலைக்கு இரண்டு அறைகள். அரைமணி நேரம் வெறும் விறகு எரிந்து சூடேறிய பிறகே ஊசிப் பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே தள்ள வேண்டும். முதல் அறையில் பெட்டி எரியும்; அடுத்ததில் அதன் புகையும் எரிந்துபோகும். பார்க்க அழகாக இருக்கும்.

புகையிலை உலர்த்தும் மாதத்தில் எங்கள் ஊர் ரும்பியில் விறகு கிடைக்காது. எல்லாம் புகையிலைச் சூளைக்குப் போய்விடும். அப்போதுதான் தட்டம்மைத் தடுப்பூசி முகாம். பெட்டிகளும் தீர்ந்தன. நிறைந்த பெட்டிகளை மூடியில்லாத சாம்பல் குழியில் கொட்டிவிட்டு, அவற்றையே திரும்ப வைத்தேன். தடுப்பூசிக் குழல் ஒருமுறை போட்டதும் தானே பூட்டிக்கொள்ளும். எனவே ஆபத்தில்லை என்று எண்ணினேன். இரத்தப் பரிசோதனை அறையின் ஊசிகளும் அதே பெட்டிகளில்தான் விழும்.

திங்கட்கிழமை எலினா தன் ஆறு வயது மகள் தவோங்காவை முதுகில் சுமந்து வந்தார்.

"யோத்தாம் அண்ணே, குழிப்பக்கம் வெளையாடப் போயி கால்ல குத்திக்கிட்டா. ஊசியா இருக்குமோ?"

"முள்ளும்மா. உன் மகளுக்கு முள்ளு குத்துனா ஊசி, ஊசி குத்துனா ஈட்டி."

"குப்பை எரிக்கிறவரு டாக்டராயிட்டாரு" என்று எலினா சிரித்தார். தவோங்கா சிரிக்கவில்லை.

பாதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அது முள் தைத்த காயமல்ல. பயன்படுத்திய ஊசி இப்படிக் குத்தினால் எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். மாத்திரை எங்களிடம் இருந்தது. ஆனால் பதிவேட்டில் எழுதினால் ஊருக்குத் தெரியும், தாய்மார்கள் வரமாட்டார்கள். நானூறு குழந்தைகளுக்கு இன்னும் தடுப்பூசி போட வேண்டியிருந்தது.

புதன்கிழமை செவிலியர் கேட்டார்: "குழிப்பக்கம் ஏதாச்சும் பிரச்சினையா, யோத்தாம்?"

"ஒன்னுமில்ல, சிஸ்டர்."

வியாழன் மாலையோடு மூன்று நாள் முடிந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன். முகாமும் நல்லபடி முடிந்தது. ஊரில் ஒரு குழந்தைக்கும் தட்டம்மை வரவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தவோங்காவின் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எலினாவுக்கு இல்லை. அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எலினா தன் பாலைச் சந்தேகிக்கிறார், தன் சமையலைச் சந்தேகிக்கிறார். என்னிடம்தான் வந்து அழுகிறார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் பொறுப்பில் விட்டிருந்த மாத்திரை அலமாரியின் சாவி அந்த மூன்று நாளும் என் கழுத்தில் தொங்கியதை மட்டும் எலினாவிடம் சொல்லாதீர்கள். அவருக்குத் தடுப்பூசிமேல் நம்பிக்கை போய்விடும்.