துண்டுக்குள்ள பேசின பேச்சு

– பன்னெண்டு பேரு, தம்பி. நீங்க எழுதிக் குடுத்த படக்கதையில ஒவ்வொண்டா எண்ணிப் பார்த்தேன். இடைவேளை வாறதுக்குள்ள தரகர் மர்சூக் பன்னெண்டு பேர அடிச்சுப் போட்டுட்டாரு. பத்தாததுக்கு, ஓடுற ரயில்ல இருந்து உக்குவளை ஸ்டேஷன்ல குதிக்கிறாரு.

– ஆக்‌ஷன் படம்னா அப்படித்தான் டீச்சர். துப்பறியிறவரு உக்காந்தே இருந்தா, பாக்க வந்தவன் எழும்பிப் போயிடுவான்.

– கேளுங்க தம்பி. எங்கட வாப்பா எழுதின பதினொரு புத்தகத்திலயும் மர்சூக் ஓடினதே இல்ல. மழைக்குக் கூட ஓடல்ல. மொளகு, கராம்பு, சாதிக்காய்க்குத் தரகு பேசுற மனுசன். பிளேன்டீய ஆத்தி ஆத்திக் குடிப்பாரு. சந்தேகப்பட்ட ஆள்ட கைய, விலை பேசுற மாதிரியே துண்டுக்கடியில பிடிச்சுக்கொண்டு நாலு கேள்வி கேப்பாரு. கை பொய் சொல்லாது எண்டுவாரு. அவ்வளவுதான் அவர்ட வேல. நீங்க அவருக்குக் கராட்டி பழக்கி வச்சு ஈக்கிறீங்க.

– கராட்டி இல்ல டீச்சர், அங்கம்பொர. நம்ம நாட்டு அடி.

– எந்த நாட்டு அடியெண்டாலும் படுறவனுக்கு ஒண்டுதான். படத்தில போடுறதுக்கு வாப்பாட போட்டோ கேட்டீங்களே. இந்த அஞ்சுதான் ஈக்கு, பாத்து எடுங்க.

– எல்லாத்துலயும் வலது கைய தோள் துண்டுக்குள்ளயே வச்சிருக்காரே. கை தெரியிற மாதிரி, பேனா பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லையா?

– வாப்பாவுக்கு கேமராவெண்டா கூச்சம். கலியாண வீட்டிலயும் இப்படித்தான் நிப்பாரு. அவரும் தரகராத்தான் ஈந்தாரு, தெரியும்தானே. எழுபத்தொம்பதுல அத விட்டுட்டு எழுத்தோட நிண்டுட்டாரு. சரி, கொழும்புக்குப் போய் உங்கட முதலாளிக்குச் சொல்லுங்க, ஜைனுதீன்ட மகள் ஸுலைஹா கதை உரிமைக்குக் கையெழுத்து வைக்க மாட்டாவாம் எண்டு.

– உங்க கையெழுத்து இல்லாட்டி படமே இல்ல டீச்சர். மூணு வருஷமா இதுக்குத்தான் அலையிறேன். ஒண்ணு கேக்கவா? மர்சூக் மாதிரியே பேசித் தீர்ப்போம். அந்தத் துண்டை எடுங்க. எத்தனை சண்டைன்னு விரல்ல பேசுவோம்.

– முறை தெரியுமா உங்களுக்கு?

– புத்தகத்துல படிச்சதுதான். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, அஞ்சையும் பிடிச்சா அஞ்சு. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

– பாதிதான் தெரிஞ்சு ஈக்கு. துண்டுக்குள்ள பேசினது துண்டுக்குள்ளயே கெடக்கணும். விலை எவ்வளவு, கை எப்படி நடுங்கிச்சு, ஒண்டையும் வெளியில சொல்லக் கூடாது. சொன்னவனுக்குப் பொறகு மாத்தளையில ஒருத்தனும் கை குடுக்க மாட்டான். இந்தாங்க, பிடிங்க. வாயத் தொறக்கக் கூடாது.

– என்ன டீச்சர், கைய இறுக்கிப் பொத்தி வச்சிருக்கீங்க?

– வாயத் தொறக்காதீங்க எண்டேன்.

– ஒண்ணு கூடவா இல்ல?

– அதுக்கு என்ட கை முழுசையும் பிடிக்கிறதா? நல்ல பேராசை.

– இப்ப நீங்கதான் பேசுறீங்க.

– நான் வீட்டுக்காரி, பேசுவேன். ம். இல்ல. ம், கொஞ்சம் எறங்குங்க. சரி, இது போதும். முடிஞ்சுது.

– இதுக்கு மேல கொறைச்சா ஸ்டண்ட் மாஸ்டர் அழுதுடுவாரு. அப்ப கையெழுத்து?

– பொறுங்க. அடி உதைய நான் மன்னிச்சாச்சு. கடைசிப் பக்கத்த மன்னிக்க ஏலாது.

– அதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும்.

– நாலாவது புத்தகத்திலதான் இந்தக் கதை ஈக்கு. மர்சூக் துண்டுக்குள்ள கள்ளன்ட கைய பிடிச்சு ஆளைத் தெரிஞ்சுகொள்றாரு. பொறகு துண்ட மடிச்சுத் தோள்ல போட்டுக்கொண்டு, பேசாம எழும்பிப் போறாரு. அந்த முடிவுக்கு எத்தனை சனம் அழுது வாப்பாவுக்குக் கடிதம் போட்டுச்சு தெரியுமா? உங்கட படத்தில அவரு துண்ட உருவி எறிஞ்சுட்டு, பொலிஸும் தோட்டத்துச் சனமும் பாக்க, கள்ளன்ட கையத் தூக்கிக் காட்டுறாரு. மானமுள்ள தரகன் அதச் செய்ய மாட்டான். தெரியாமச் செஞ்ச பிழையாக்கும் எண்டு நெனைச்சேன்.

– தெரிஞ்சேதான் எழுதினேன். நீங்களே சொல்லுங்க டீச்சர், அது ஒரு முடிவா? கராம்பு மூட்டைகளைத் திருடினது தோட்டத்த நடத்துற தொரையோட மகன். ஸ்டோர் இரும்புக் கதவு அவன் சின்ன விரலை நசுக்கிடுச்சு. அந்த விரல்லதான் மர்சூக் ஆளைக் கண்டுபிடிச்சாரு. கண்டுபிடிச்சு என்ன? தொழில் முறைன்னு வாய மூடிக்கிட்டாரு. ஸ்டோர் காவக்காரன் கள்ளன்னு பேரு வாங்கிக்கிட்டு, பொண்டாட்டியோட தோட்டத்து லயத்து வீட்டை விட்டுப் போனான். புத்தகம் முழுக்க அவனுக்கு ஒரு பேரு கூட இல்ல. வெறும் காவக்காரன்.

– கதைதானே, தம்பி.

– அவரு பேரு நடராஜா. எங்கப்பா.

– என்ன சொன்னீங்க?

– எழுபத்தொம்பதுல நடந்தது. நான் பொறக்கிறதுக்கு முந்தி. கராம்பு போனதும் நெசம், அப்பா மேல பழி விழுந்ததும் நெசம். உக்குவளையில இருக்கிற அந்தத் தோட்டத்துக்கு வந்து போன தரகரு உங்க வாப்பா. அடுத்த வருஷம் புத்தகம் வந்துச்சு. யாரோ வாசிச்சுக் காட்டினப்பதான், திருடினது யாருன்னு தெரிஞ்ச ஒருத்தர் இருந்திருக்காருன்னு அப்பாவுக்கே தெரிஞ்சுது. பல்லேபொலயில அடுத்தவங்க காணியில கூலிக்கு மொளகுக் கொடி ஏத்தி எங்களை ஆளாக்கினாரு. இன்னைக்கும் மாத்தளையில ரயில் ஏறினா, உக்குவளை வர்றப்ப மூஞ்சிய மத்தப் பக்கம் திருப்பிக்குவாரு. கராம்புக் கள்ளன்னு யாரும் கூப்பிட்டுடுவாங்களோன்னு பயம்.

– அதுக்கா மர்சூக் உக்குவளையில குதிக்கிறாரு?

– ஆமா. அப்பா எறங்காத ஸ்டேஷன்ல.

– வந்தவுடன இதச் சொல்லி ஈக்கலாமே.

– சொன்னா பாவம்னு கையெழுத்து போடுவீங்க. எனக்கு அது வேணாம். பாவம் பாவம்னு சொல்லியே எங்களை முடிச்சுட்டாங்க டீச்சர். புத்திசாலி கண்டுபிடிப்பாரு, பெரிய மனுசனா எழும்பிப் போவாரு. வாசிக்கிறவங்க அழுவாங்க, கடிதம் போடுவாங்க. லயத்த விட்டுப் போனவன் போனவன்தான். ஒரே ஒரு தடவை, படத்துலயாவது ஒருத்தன் கைய ஓங்கட்டும். பன்னெண்டு பேரை அடிக்கட்டும், எனக்கு அது கூடப் பத்தாது.

– சத்தம் போடாதீங்க. எனக்குக் காது கேக்கும்.

– சண்டையெல்லாத்தையும் வெட்டச் சொன்னா வெட்டுறேன். ரயில்ல இருந்து குதிக்க வேணாம்னா படி வழியா எறங்கட்டும். துண்டை மட்டும் இழுப்பேன். அதுக்குச் சம்மதம் இல்லன்னா இந்தப் படமே எனக்கு வேணாம். மூணு வருஷம் போனா போகட்டும். நான் வர்றேன்.

– இருங்க மகன்.

– பிளேன்டீ வேணாம் டீச்சர்.

– பிளேன்டீ தாறதுக்கில்ல. அந்தப் பேனையத் தாங்க. எந்த எடத்தில வைக்கணும்?

– துண்டை இழுக்கிற சீன் இருக்கும். சொல்லிட்டேன்.

– எனக்கும் தமிழ் வெளங்கும். இழுங்க. பொலிஸ் பாக்க, தோட்டம் பாக்க, மாத்தளை முழுக்கப் பாக்க இழுங்க. இந்தா, வச்சுட்டேன். அந்தப் பக்கத்திலயும் வைக்கணுமா?

– ரெண்டு பக்கமும்.

– இந்தா, இதுவும் ஆச்சு. படம் வாற அண்டைக்கு அப்பாவ ரயில்ல கூட்டிக்கொண்டு வாங்க. உக்குவளையில எறங்கட்டும். நான் ஸ்டேஷன்ல வந்து நிப்பேன். எவனாவது கராம்புக் கள்ளன் எண்டு வாயத் தொறந்தா, அவனுக்கு நான் பதில் சொல்லுவேன். ஆனா ஒரு எடத்த மாத்தி எழுதணும்.

– எந்த எடம்?

– துண்ட இழுக்கிற நேரம் உள்ள ஈக்கிறது தொரைட மகன்ட கை இல்ல. அந்தப் பொடியன் அந்த வருசம் முழுக்க கொழும்பில படிச்சுக்கொண்டு ஈந்தான். அவன் தோட்டத்துப் பக்கமே வரல்ல.

– பின்ன யாரு டீச்சர்? விரல் நசுங்கினது அவனுக்குத்தானே. புத்தகத்துல அப்படித்தானே இருக்கு.

– புத்தகத்தில அப்படித்தான் எழுதினாரு. ஸ்டோர் கதவில நசுங்கின வாப்பாட சின்ன விரலுக்கு, இந்தக் குசினியில வச்சு மஞ்சள் அரைச்சுக் கட்டினது நான்.