சொல்லிக்கொடுக்கக் கூடாது

காழியார், குறையாக எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் செருப்புத் தட்டு கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வருகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை. எல்லோரும் படியிலேயே கழற்றிப் போடுகிறார்கள். சற்று முன் உங்கள் மனைவி ஒரு செருப்பில் தடுக்கி, "கண் தெரியாத கூட்டம்" என்று ஏசினார். பாவம், அந்தக் கூட்டம் என்ன செய்யும்? பிழை ஆட்களில் இல்லை, தட்டை வைத்த இடத்தில் இருக்கிறது. நான் படித்தது இதைத்தான். படித்ததை என் புருஷனிடம் செய்து பார்த்தேன். அதற்காகத்தான் அவர் என்னைத் தலாக் சொல்ல வேண்டுமென்று தீர்ப்புச் சொல்கிற உங்களிடம் வந்து நிற்கிறார்.

நிஸார் நல்ல மனிதர். கல்பிட்டியில் சொந்தப் படகு, சொந்த எஞ்சின். ஆனால் தேத்தண்ணியில் சீனி போட்டிருக்கிறதா என்று கேட்டுத்தான் குடிப்பார். குடித்துப் பார்க்க மாட்டார். உடுக்கிற சாரம் எங்கே, சாவி எங்கே, மழை வருமா, தான் சாப்பிட்டாயிற்றா, எல்லாம் என்னிடம்தான் கேட்பார். கலியாணம் முடித்த நாள் முதல் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

அப்போதுதான் மென்பொருள் வடிவமைக்கும் படிப்பொன்றில் இணையவழியாகச் சேர்ந்தேன். கொழும்பிலிருந்து யூஜீனியா மிஸ் படிப்பித்தார். செய்த பொருளைப் பாவனையாளரின் கையில் கொடுங்கள், வாயை மூடிக்கொண்டு பாருங்கள் என்றார். தடுமாறினால் உதவக் கூடாது. கேள்வி கேட்டால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால் சோதனை கெட்டுப்போகும். அல்ஹம்துலில்லாஹ், இப்படியும் ஒரு படிப்பு இருக்கிறதே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

கடலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு செயலி செய்தேன். பெயர் 'கரை'. அதில் சிவப்பாக ஒரு பொத்தான், அதன்மேல் 'ஆபத்து' என்ற சொல். அமத்தினால் படகு நிற்கும் இடம் எனக்கும் பக்கத்துப் படகுக்காரர் முஹ்ஸின் நானாவுக்கும் வந்துவிடும், போனும் அலறும். முதல் சோதனை எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நடந்தது.

"புள்ள, இப்ப எத அமத்த?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் என்னத்த நினைக்க? செஞ்சது நீதானே!"

கொஞ்ச நேரம் முழித்தார், பிறகு தானாகவே அமத்தினார். காழியார், இவ்வளவு காலமும் நான் வீணாகப் பதில் சொல்லியிருக்கிறேன் என்று அன்று விளங்கியது.

பாவனையாளரை அவருடைய இடத்திலேயே வைத்துப் பாருங்கள் என்று மிஸ் அடுத்ததாகச் சொன்னார். அவருடைய இடம் கடல். எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு செயலியைப் பாவியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய போன் திரை, படகு நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளியோடு, என் மடிக்கணினியில் அப்படியே தெரியும். அன்று வாடைக் காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அவர் செயலியைத் திறந்தார், மூடினார். திரும்பவும் திறந்து, சிவப்புப் பொத்தான் வரைக்கும் வந்து, அமத்தாமல் விட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கரையில் தானாகவே அமத்திய மனிதர் கடலில் ஏன் தயங்குகிறார்? காரணம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் தண்ணீரில் நின்றுகொண்டு 'ஆபத்து' என்ற அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அது வந்து சேருமாம். கொழும்பில் இருந்துகொண்டு செயலி செய்கிறவர்களுக்கு இது தெரியுமா, சொல்லுங்கள்?

அதற்குப் பிறகு என் போன் அடித்தது. அவர்தான்.

"பஸீஹா, எஞ்சின் நிண்டுட்டு. காத்து வெளியால இழுக்குது. என்ன செய்ய?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

 அவர் போனை வைத்துவிட்டார். 'பாவனையாளர் செயலியை விட்டுவிட்டு வேறு உதவி தேடுகிறார்' என்று குறித்துக்கொண்டேன்.

சொன்னபடி நடிக்கிறார் என்று நினைத்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. நிஸாருக்கு நடிக்கத் தெரியாது. வெளியில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து பசிக்கிறது என்று சொல்லக்கூடத் தெரியாத மனிதர். அந்தக் குரலைக் கேட்டவுடனேயே எனக்குத் தெரியும். திரையில் படகின் புள்ளி கரையை விட்டுப் போய்க்கொண்டிருந்ததும் தெரியும். முஹ்ஸின் நானாவுக்கு போனில் ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுத்தால் சோதனை கெட்டுவிடும். அதோடு, பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று உங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்?

அஸர் தொழுகைக்குப் பிறகு முஹ்ஸின் நானாதான் தற்செயலாகக் கண்டு கட்டி இழுத்து வந்தார். நிஸாரின் உதடு வெடித்திருந்தது.

"ஏன் புள்ள, எனக்கொரு கோல் எடுக்க ஏலாதா ஒனக்கு?" என்று முஹ்ஸின் நானா சத்தம் போட்டார். அவர் இந்தப் படிப்பெல்லாம் படித்தவர் இல்லை.

அதற்காக நான் சும்மா இருந்துவிடவில்லை. பொத்தானில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு, 'துஆச் செய்ங்க' என்று போட்டேன். கடலில் இடைஞ்சல் என்றால், எங்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ஆட்கள் வீட்டுக்குச் சொல்லும் சொல் அதுதான். யூஜீனியா மிஸ் வகுப்பு முழுவதற்கும் அதைக் காட்டிப் புகழ்ந்தார். நிஸாரின் போனிலும் புதியதைப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கரைக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை. சீனி இல்லாத தேத்தண்ணியையும் அப்படியே குடித்தார். நல்ல முன்னேற்றம் என்றுதான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மேசையில் எனக்கு எதிரே இருந்தார். சோறும் மீன் ஆணமும் வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அந்தப் பொத்தானை அமத்தினார். ஒரு தயக்கமும் இல்லை. என் போன் மேசையில் அலறியது.

ஆணம் ஆறுவதற்குள் முஹ்ஸின் நானா மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். நிஸார் ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். படியில் பார்த்தார், முற்றத்தில் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெறுங்காலோடு ஏறிப் போய்விட்டார்.

செருப்பு கதவுக்குப் பின்னால், தட்டில் இருந்தது. தட்டு வைத்த இடம் பிழை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, காழியார்.