நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் பெயர்

ஓடுகிறோம். தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து ஓடுகிறோம். பின்னால் லயத்து வரிசை வீடுகள் எரிகின்றன. புதன்கிழமை. காலை ஒன்பதே கால். மூன்று வெடி. கொஞ்சம் அமைதி. மறுபடி நான்கு.

"ரோட்டுக்குப் போகாதீங்க! மேல ஏறுங்க! பொலிஸ் சுடுறாங்க!" யாரோ கத்துகிறார்கள்.

எனக்குக் காய்ச்சல். கால் நிற்கவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுக்கிறாள். தங்கச்சி மகேஸ்வரி ரோட்டில் இருக்கிறாள்.

தோட்டத்தைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சனம் கொதித்துப்போனது. நிலம் அளக்க வந்தவர்களை ரோட்டில் உட்கார்ந்து மறித்தோம். அன்று மூன்றாம் நாள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பதில் சொல்லிவிட்டு எல்லோரும் அப்படியே ரோட்டுக்குப் போவார்கள். வராதவர் பெயரை வெட்டிவிடுவேன் என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மிரட்டியிருந்தார். மகேஸ்வரி பெயர் இன்னும் தோட்டப் பதிவில் ஏறவில்லை.

"நீ படுத்துக்க அக்கா. ஒம் பேருக்கு நா போயி நிக்கிறேன்."

சரியென்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

செத்தவர்களைப் பெரட்டுப் பதிவைப் பார்த்து எழுதினார்கள். செல்வி என்ற என் பெயர் ஏறியது. ஆள் மாறி நின்றது தெரிந்தால் அப்பாவுக்கும் வேலை போகும். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மறுநாளே காய்ச்சல் விட்டது.

வேறு தோட்டம் தேடி உடப்புசல்லாவைக்குப் போனோம். அங்கே என்னை மகேஸ்வரி என்று பதிந்தார்கள். அடையாள அட்டை அந்தப் பெயரில். கல்யாணமும் அந்தப் பெயரில்தான்.

போன மாதம் ஹட்டனிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். அந்தக் கிளர்ச்சியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். கிழமை சரி. நேரம் சரி. எத்தனை வெடி என்பதும் சரி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். இறந்தவர்கள் ஒன்பது பேர். ஐந்தாவது பெயர் செல்வி, வயது பத்தொன்பது.

"இவங்க ஒங்க அக்காதானுங்களே?"

"அது நாந்தாங்க சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அடுத்த பதிப்புல இத எழுதுனா ஒங்க அடையாள அட்ட, புள்ளைங்க பத்திரம் எல்லாத்துலயும் சிக்கல் வரும்மா."

"வரட்டுங்க. எழுதுங்க."

அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது.

எரிந்தது இரண்டு லயம். செத்தது ஒன்பது பேர். எண்ணிக்கையில் பிழையில்லை. ஐந்தாவது மகேஸ்வரி. வயது பதினாறு. என் சிவப்புச் சட்டையைப் போட்டிருந்தாள்.