வளைவு வருது

– இன்னொரு முட்டை சாப்பிடு. மஞ்சக்கருவை ஒதுக்காத.

– வயிறு ரொம்பிடுச்சுண்ணா.

– இங்க பாரு...

– எங்க பாக்கறது? பொறந்ததுல இருந்து கண்ணு தெரியாதவகிட்ட தினமும் இதையே சொல்லு.

– வாய் மட்டும் நல்லா ஓடுது. ஞாயித்துக்கிழமை தேர்வுப் பந்தயம். இன்னைக்கும் டைம் மோசம். சத்து பத்தலடி உனக்கு. சோத்தைக் கூட்டினேன், இரும்புச்சத்து டானிக் வாங்கினேன், ஓடறதுக்கு முன்னாடி காபி, ஓடி முடிச்சதும் முட்டை. இன்னும் என்னதான் பண்றது?

– ஒண்ணும் பண்ண வேணாம்.

– கோச் என்ன சொன்னாரு?

– ஓய்வு பத்தலைன்னாரு.

– ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓடறதுக்கு என்ன ஓய்வு? சும்மா ஏதாவது சொல்வாரு.

– கடைசி ரவுண்டுல நீ பேசறதையே நிறுத்திட்டண்ணா.

– என்னது?

– முன்னாடியெல்லாம் "வளைவு வருது, இப்ப நேரா, நேரா"ன்னு கத்திக்கிட்டே பக்கத்துல வருவ. இப்ப உன் மூச்சுதான் கேக்குது. வளைவுல நானே குத்துமதிப்பா திரும்பறேன்.

– சளி பிடிச்சிருந்துச்சு.

– எத்தனை மாசமா? கயித்துல ஒரு முனை உன் கையில, ஒரு முனை என் கையில. நீ பின்தங்கினா எனக்குத் தெரியாதா?

– அதனால?

– அதனால நான் மெதுவா ஓடறேன்.

– அடிப்பாவி. ஏன் சொல்லலை?

– சொன்னா கயித்தை அவுத்துருவ. அப்புறம் பேக்கரி வேலை முடிஞ்சு வந்து சாயங்காலமெல்லாம் என்ன பண்ணுவ? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப.

– எனக்குக் கோவம் வரணும். ஒண்ணுமே வரலை.

– எனக்கும் அழுகை வரலை. எப்பவோ மரத்துப்போச்சு.

– இப்ப வேற ஆளுக்கு எங்க போறது? கை வீச்சு, காலடி எல்லாம் ஒண்ணா சேரணும். நமக்கே ஒரு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள யாரு வந்து சேருவா?

– சேர்ந்தாச்சுண்ணா.

– யாரோட?

– கோச்சோட தம்பி மகன். நீ காலைல பேக்கரிக்குப் போனதும் வருவான். டைம் நல்லா இருக்கு.

– அப்போ இந்த சாயங்கால ஓட்டம்?

– அதைத்தான் விடச் சொல்றாரு கோச். நான்தான் மாட்டேன்னுட்டேன். அந்த முட்டையை நீ சாப்பிடு.